வலது காலில் கியர், இடது காலில் பிரேக்: பழைய வண்டிக்குக் காலைப் பழக்கும் முறை

வலது பக்கக் கியர் உள்ள பழைய மோட்டார் சைக்கிளை ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "முதல் கியர் மேலேயா, கீழேயா?" என்றுதான். நான் அதற்கு உடனே பதில் சொல்வதில்லை. "பிரேக் எந்தக் காலில் இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்பேன். குனிந்து பார்ப்பார்கள். இடது பக்கம் பிரேக் பெடலைக் கண்டதும் முகம் கொஞ்சம் மாறும். அந்த முகமாற்றம் வந்த பிறகு பாடத்தைத் தொடங்கினால் சரியாக இருக்கும்.

கியரைத் தப்பாகப் போட்டால் இன்ஜின் முனகும், வண்டி ஒரு குலுக்கு குலுக்கும், பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார். பெரும்பாலும் அதோடு போய்விடும். பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தால் அப்படி இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடும். கால் தடுமாறி, மூளை விழித்து, மற்றக் கால் பிரேக்குக்குப் போய்ச் சேர அரை நொடி ஆனாலே 8 மீட்டர் கடந்துவிடும். ஆகையால் இந்தக் கட்டுரை பெயருக்குத்தான் கியரைப் பற்றியது. பாதிக்கு மேல் பிரேக்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நான் இரண்டு வகையையும் ஓட்டுகிறேன். ஒன்று நான்கு கியர் உள்ள பழைய 350 புல்லட். வலது காலில் கியர், இடது காலில் பின் பிரேக். இன்னொன்று தினமும் வேலைக்குப் போக, எல்லோரும் ஓட்டுவது போன்ற இடது கியர் வண்டி. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றி ஓட்டும் நாளும் உண்டு. கீழே சொல்லும் முறை அப்படி மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்களுக்காகவே. வலது கியர் வண்டி ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்கு இதில் பாதி தேவைப்படாது.

எதனால் வலது பக்கம்?

காரணம் தெரிந்தால் கால் சீக்கிரம் பழகும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வண்டியின் மேல் வரும் எரிச்சல் குறையும்.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளில், இன்ஜினில் சுழலும் தண்டான கிராங்கின் இடது முனையிலிருந்து பிரைமரி செயின் என்ற முதல் செயின் கிளட்சுக்குப் போகும். கிளட்ச் இடது பக்கம். அதன் பின்னாலேயே பின்சக்கரச் செயின் ஓடும் பல்சக்கரம், அதாவது ஸ்பிராக்கெட். இவ்வளவையும் மூடிக்கொண்டு பிரைமரி கேஸ் இடது பக்கத்தை அடைத்து நிற்கும். கியர்பாக்ஸில் கைவைக்க மிச்சம் இருக்கும் பக்கம் வலதுதான். அதனால் கியர் மாற்றும் பொறியும் கிக்கரும் வலது பக்க மூடிக்குள் போயின. பின்சக்கரத்தில் பிரேக் டிரம்மும் செயின் ஸ்பிராக்கெட்டும் இடது பக்கம் ஒன்றாக இருப்பதால், ஒரு நேரான கம்பியால் இடது கால் பெடலோடு பிரேக்கை இணைப்பது எளிது. எல்லாமே குறுக்கே எதுவும் போகாமல் அந்தந்தப் பக்கத்திலேயே முடிந்துவிடும். என் கண்ணுக்கு இது மிகச் சுத்தமான அமைப்பு.

அதற்கு முன்பு டேங்க் ஓரத்தில் இருந்த லிவரைக் கையால் தள்ளித்தான் கியர் மாற்றினார்கள். ஒரு மிதிக்கு ஒரு கியர், மிதித்ததும் லிவர் தன் நிலைக்குத் திரும்பிவிடும் என்ற இன்றைய ஏற்பாட்டை வெலோசெட் நிறுவனத்தில் ஹரால்டு வில்லிஸ் 1928 வாக்கில் ரேஸ் வண்டிக்காகச் செய்தார். அதன் பிறகுதான் கியர் கையிலிருந்து காலுக்கு இறங்கியது. பிரிட்டனில் வலது காலுக்கு.

ஜப்பான் வண்டிகள் கிளட்சை வலது பக்கம் வைத்துக் கட்டப்பட்டவை. அவற்றில் கியர் இடது காலில். அமெரிக்கச் சந்தையில் இரண்டு வகையும் ஓடின. 1974 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அங்கே விற்கும் மோட்டார் சைக்கிள்களில் கியர் இடது காலிலும் பின் பிரேக் வலது காலிலும் இருக்க வேண்டும் என்று பாதுகாப்பு விதி வந்தது. அவ்வளவுதான், ஒவ்வொரு கம்பெனியும் மாறியாக வேண்டிய நிலை. பிரிட்டிஷ் வண்டியான நார்ட்டன் கமாண்டோ 1975-ல் வந்த 850 மார்க் 3-ல் இடது பக்கத்துக்கு மாறியது. ஹார்லியின் ஸ்போர்ட்ஸ்டர்கூட அதுவரை வலது கால் வண்டிதான். 1975-ல் வலது பக்கத்திலிருந்து குறுக்கே ஒரு இணைப்பை ஓட்டி இடது காலுக்குக் கொடுத்தார்கள். இன்ஜினையே அதற்கேற்ப மாற்றிச் செய்தது அதற்கப்புறம்.

சென்னை திருவொற்றியூரில் தயாரான புல்லட்டுக்கு அந்த அமெரிக்க அவசரம் இல்லை. அதனால் அது இன்னும் பல பத்தாண்டுகள் வலது கியரோடே வந்துகொண்டிருந்தது. 2000-க்குப் பிறகுதான் ஐந்து கியர் பெட்டியும் இடது பக்க லிவரும் மெல்ல நுழைந்தன. 2009-ல் வந்த கிளாசிக் வண்டிகள் தொடக்கத்திலிருந்தே இடது கியர். வலது கியர் புல்லட்டின் காலத்திலேயே சாலையில் ஓடிய ஜாவா, யெஸ்டி வண்டிகளில் கியர் எப்போதும் இடது பக்கம்தான். கிக்கரும் கியர் லிவரும் ஒரே லிவர் என்ற அவர்களுடைய குறும்பு தனிக்கதை.

இதிலிருந்து வேலைக்கு உதவும் விஷயம் ஒன்று. வண்டி பழையதாகத் தெரிகிறது என்பதற்காக வலது கியர் என்று முடிவு செய்ய வேண்டாம். இன்று புதிதாக விற்கும் பழைய தோற்றத்து வண்டிகள் எல்லாம் இடது கியர்தான். அதே போல வலது கியர் என்றாலே முதல் கியர் மேலே என்றும் எண்ண வேண்டாம். நான்கு கியர் புல்லட்டிலும் 1974 வரையிலான கமாண்டோவிலும் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. வேறு சில வண்டிகளில் பக்கம் மட்டும் வலது, வரிசை தலைகீழ். ஏறும் முன் கேட்டுவிடுவது நல்லது.

ஸ்டாண்டில் செய்ய வேண்டியது

நடு ஸ்டாண்டில் வண்டியை நிறுத்துங்கள். இன்ஜின் அணைந்திருக்கட்டும். ஏறி உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் ஃபுட்ரெஸ்டில் இயல்பாக வையுங்கள். லிவரைத் தேடிக் காலை நகர்த்த வேண்டாம். இப்போது இடது பாதத்தின் முன்பகுதி பிரேக் பெடலுக்கு மேலே, அதைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். பெடல் உயரத்தில் இருந்தால் ஒவ்வொரு முறையும் முழுக்காலையும் தூக்க வேண்டியிருக்கும்; அவசரத்தில் அது நடக்காது. பெடல் தாழ்ந்து இருந்தால் மிதிக்கும் தூரம் வீணாகும். பின் பிரேக் கம்பியின் முனையில் இருக்கும் நட்டைத் திருகி, பெடல் கொஞ்சம் இறங்கியதுமே டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூ பிடிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பெடலை விட்டிருக்கும்போது சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும்.

அடுத்து கியர் லிவர். அது பல் வெட்டிய தண்டில் ஒரு போல்ட்டால் இறுகப் பிடித்திருக்கும். போல்ட்டைத் தளர்த்தி லிவரைக் கழற்றி, ஒரு பல் மேலேயோ கீழேயோ தள்ளி மாட்டலாம். உங்கள் ஷூ நுனி லிவருக்குக் கீழே தாராளமாக நுழைய வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஓட்டும்போது வலது பாதம் ஓய்வாக இருக்க வேண்டிய இடம் அதுதான்: லிவருக்குக் கீழே. மேலே வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர் பதறினால் பழைய பழக்கத்தில் "பிரேக்" என்று லிவரை ஓங்கி மிதிப்பார். புல்லட்டில் கீழே மிதித்தால் அடுத்த பெரிய கியர். கால் லிவருக்குக் கீழே இருந்தால் அந்த மிதி வெறும் காற்றில் போகும், ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்கவில்லை என்பதே மூளைக்குப் போதுமான எச்சரிக்கை. அது மட்டும் இல்லை, ஆபத்து நேரத்தில் கியரைக் குறைக்க வேண்டி வந்தால் புல்லட்டில் மேலே தூக்குவதுதான் வழி. கால் ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

இனி கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வலது கையில் முன் பிரேக், இடது காலில் பின் பிரேக், இரண்டையும் ஒன்றாக அழுத்துங்கள், விடுங்கள், அழுத்துங்கள். வெறுமனே பெடலை மிதிக்காமல் எப்போதும் முன் பிரேக்கோடு சேர்த்தே செய்யுங்கள். கை எந்த வண்டியிலும் மாறாது, வலது கைதான். மாறாத கையோடு மாறிய காலைக் கட்டிவிட்டால், கை அசையும்போது காலும் தானாக அசையும். நான் பார்த்தவரை இந்த ஒரு விஷயம்தான் பழக்கத்தை விரைவாக்குகிறது.

கியரையும் ஸ்டாண்டிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒருவர் பின்சக்கரத்தை மெல்லச் சுற்றட்டும். சக்கரம் நின்றிருந்தால் பெட்டிக்குள் பற்கள் எதிரெதிரே முட்டிக்கொண்டு சில கியர்கள் விழாது. புதியவர்கள் அதைக் கெட்டுப்போன பெட்டி என்று நினைத்து ஓங்கி உதைப்பார்கள். உதைக்க வேண்டாம்.

காலியான மைதானத்தில்

முதல் பாடத்தில் இரண்டாவது கியரே கிடையாது. முதல் கியரில் நடக்கும் வேகத்தில் போய், கையும் இடது காலும் சேர்த்து நிறுத்துங்கள். மறுபடி கிளம்பி மறுபடி நிறுத்துங்கள். சலிப்பாக இருக்கும். இருக்கட்டும்.

இந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் ஒரே தொல்லை வரும்: பின்சக்கரம் சர்ரென்று பூட்டிக்கொள்ளும். இடது கால் இதுவரை ஒரு தட்டு, ஒரு தூக்கு என்று கியருக்கான வேலையை மட்டும் செய்து வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டுவது அதற்குத் தெரியாது. தெரிந்ததைச் செய்கிறது: தட்டுகிறது. இதற்கு மருந்து, பெடலை மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி கூட்டி அழுத்துவது. மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ உதவும். கனத்த பூட்ஸில் பெடல் என்ன சொல்கிறது என்றே தெரியாது.

பழைய வண்டியில் இது அழகுக்காகச் சொல்லும் பயிற்சி இல்லை. முன்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் இன்றைய டிஸ்க் பிரேக்கின் பிடி கிடைக்காது. பின் பிரேக் நிறையவே வேலை செய்ய வேண்டும். "நான் முன் பிரேக்கை வைத்தே சமாளித்துவிடுவேன்" என்கிறவர் தன் தினசரி வண்டியை நினைத்துப் பேசுகிறார்.

கால் ஓரளவு அடங்கியதும் இரண்டாவது, மூன்றாவது கியரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் பின் ஒரு நண்பரை எதிரே ஓரமாக நிறுத்தி, அவர் நினைத்த நேரத்தில் கையைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கியதும் நிறுத்த வேண்டும். எப்போது தூக்குவார் என்று தெரியாமல் இருப்பதுதான் இதில் சாரம். முன்கூட்டியே தெரிந்து நிறுத்துவதில் நாம் யோசித்து நிறுத்துகிறோம். சாலையில் யோசிக்க நேரம் இருக்காது. பேசிக்கொண்டே ஓட்டிப் பாருங்கள், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஓட்டிப் பாருங்கள். கவனம் வேறெங்கோ இருக்கும்போதும் இடது கால் போய்விட்டது என்றால் சாலைக்கு வரலாம்.

கியர் லெஸ் ஸ்கூட்டர் மட்டும் ஓட்டியவர்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. உங்கள் காலுக்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லை. அழிக்க வேண்டியதும் இல்லை. இரு பக்க லிவரையும் கையால் பிடிக்கும் உங்கள் பதற்றம் மோட்டார் சைக்கிளில் முன் பிரேக்காகவும் கிளட்சாகவும் ஆகும். அது அவ்வளவு மோசமில்லை. காலுக்கு மட்டும் புதிதாகச் சொல்லித்தர வேண்டும்.

ஒன்று மேலே, மூன்று கீழே

இப்போது எல்லோரும் கேட்கும் அந்த முதல் கேள்விக்கு வருவோம். நான்கு கியர் புல்லட்டில் நியூட்ரலிலிருந்து லிவரை மேலே தூக்கினால் முதல் கியர். அங்கிருந்து கீழே மிதித்தால் நியூட்ரலைத் தாண்டி இரண்டு. மேலும் மிதிக்க மூன்று, நான்கு. ரேஸ் ஓட்டுகிறவர்கள் இடது பக்க லிவரிலும் இதே வரிசையை விரும்பி மாற்றிக்கொள்வது உண்டு, கியர் கூட்ட மிதிப்பது எளிது என்பதால். எனக்கும் இந்த வரிசைதான் பிடிக்கும். வேகம் எடுக்கும்போது உடம்பின் எடையே கியரைக் கூட்டுகிறது.

இந்தப் புல்லட்டில் இருக்கும் ஆல்பியன் வகைக் கியர் பெட்டிக்கு அவசரம் ஆகாது. கிளட்சை முழுதாகப் பிடித்து, லிவரை மிதித்து, மிதித்தபடியே வைத்துக்கொண்டு கிளட்சை விடுங்கள். அதன் பிறகு காலை எடுங்கள். தினசரி வண்டியில் செய்வது போல ஒரு தட்டு தட்டிவிட்டுக் காலை எடுத்தால் கியர் பாதி வழியில் நின்று இன்ஜின் வெறுமனே அலறும். இதை ஃபால்ஸ் நியூட்ரல் என்பார்கள். பதறாமல் ஆக்ஸிலரேட்டரை விட்டு, கிளட்ச் பிடித்து, மறுபடி தெளிவாக மிதித்தால் விழுந்துவிடும். முந்திச் செல்லும் நடுவில் இது நடந்தால் வேடிக்கையாக இருக்காது; ஆகவே முந்தும் முன்பே கியரைப் போட்டு முடித்துவிடுங்கள்.

அப்புறம் அந்தச் சின்ன லிவர். கியர் லிவருக்குப் பக்கத்தில், குதிகாலுக்கு எட்டும்படி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது நியூட்ரல் ஃபைண்டர். சிக்னலில் நின்றதும், கிளட்சைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் அதை அழுத்தினால் நான்கிலிருந்தோ, மூன்றிலிருந்தோ, இரண்டிலிருந்தோ நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். முதல் கியரிலிருந்து அது வேலை செய்யாது. அங்கிருந்து கியர் லிவரையே பாதி தூரம் மெதுவாக இறக்க வேண்டும். இவ்வளவு வசதியான ஒன்றை ஏன் விட்டுவிட்டார்கள் என்று எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இன்றைய பல வண்டிகளில் லிவர் முன்னும் பின்னுமாக இருக்கும். குதிகாலால் பின்பகுதியை அழுத்திக் கியரைக் கூட்டுவார்கள். அந்தப் பழக்கத்தோடு வருகிறவர், புல்லட்டில் குதிகாலடியில் ஒன்று தட்டுப்பட்டதும் அதுவும் அதே போலத்தான் என்று நம்பிவிடுவார். போகிற வேகத்தில் கியர் கூட்டப்போய் நியூட்ரலில் மிதப்பார். என் மச்சான் ஒரு நாள் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தான்.

"மச்சான், வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டாவது கியருக்கு மேல போகவே மாட்டேங்குது."

"எதை மிதிச்சே?"

"பின்னாடி இருக்கறதை."

சொல்லிக்கொடுத்தேன். சிரித்தான். நல்லவேளை, தெருமுனை வரைதான் போயிருந்தான்.

வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே நியூட்ரல் ஃபைண்டரை அழுத்தி மிதந்தபடி சிக்னலுக்கு வரும் பழக்கம் பலருக்கு உண்டு. வேண்டாம். இன்ஜின் பிடித்து வேகத்தைக் குறைக்கும் உதவி போய்விடும். திடீரென்று நழுவிப் போக வேண்டி வந்தால் கையில் கியரும் இருக்காது.

நிற்கும்போது எந்தக் கால்?

இதை யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் புதியவர்கள் வண்டியைச் சாய்ப்பது பெரும்பாலும் இங்கேதான். இடது கியர் வண்டியில் வலது கால் பிரேக்கில் இருக்கும், இடது கால் தரையில் ஊன்றும். வலது கியர் வண்டியில் அது அப்படியே மாறும்: இடது கால் பெடலில், வலது கால் தரையில். பல வருடங்களாக இடது காலையே ஊன்றி வந்தவருக்கு, வண்டி நிற்கும் கடைசி நொடியில் இடது கால் பிரேக்கை விட்டுவிட்டுத் தரைக்கு ஓடும். சமதளத்தில் முன் பிரேக் காப்பாற்றும். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருள ஆரம்பிக்கும்.

ஏற்றத்தில் கிளம்புவது இன்னும் கொஞ்சம் சிக்கல். இடது கால் பிரேக்கைப் பிடித்திருக்கிறது, வலது கால் ஊன்றியிருக்கிறது, கியர் போடக் கால் இல்லை! ஆகவே ஏற்றத்தில் நியூட்ரலுக்குப் போகாதீர்கள். நிற்கும்போதே முதல் கியருக்குக் கொண்டுவந்து கிளட்சைப் பிடித்தபடி காத்திருங்கள். நீண்ட நேரம் நிற்க வேண்டி, நியூட்ரலுக்குப் போய்விட்டீர்கள் என்றால், கிளம்பும் முன் முன் பிரேக்கைக் கையால் பிடித்துக்கொண்டு, இடது காலுக்கு மாறி ஊன்றி, வலது காலால் முதல் கியரைத் தூக்குங்கள். அப்புறம் மறுபடி வலது காலை ஊன்றி இடது காலைப் பெடலுக்குக் கொண்டுவாருங்கள். எழுத்தில் நீளமாக இருக்கிறது. செய்யும்போது இரண்டு அசைவுதான். முதல் கியர் விழ மறுத்தால் கிளட்சைப் பிடித்தபடி வண்டியை ஒரு சாண் முன்பின் அசைத்தால் போதும்.

பழைய வண்டிகள் பலவற்றில் நியூட்ரல் விளக்கு கிடையாது. கிக்கரை மிதிக்கும் முன் வண்டியை ஒரு முறை உருட்டிப் பார்த்துவிடுங்கள்.

தினசரி வண்டிக்குத் திரும்புவது

பழைய வண்டிக்குப் போகும்போது எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் போகிறார்கள். அது புதிது, சத்தமும் வேறு, உட்காரும் விதமும் வேறு, மூளை விழித்துக்கொண்டிருக்கும். என் பயம் எல்லாம் திரும்பி வருவதைப் பற்றித்தான். நன்கு தெரிந்த வண்டி என்ற அலட்சியத்தோடு ஏறுவோம், காலில் புல்லட் பழக்கம் இன்னும் மிச்சமிருக்கும்.

தவறுகளின் விலையும் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. புல்லட்டில் கியரைக் குறைக்க நினைத்துப் பழைய பழக்கத்தில் கீழே மிதித்தால் கியர் கூடிவிடும்; இன்ஜின் மந்தமாகி இழுக்கத் திணறும், அவ்வளவுதான். தினசரி வண்டியில், ஒன்று கீழே மற்றவை மேலே உள்ள வரிசையில், கியரைக் கூட்ட நினைத்துப் புல்லட் பழக்கத்தில் கீழே மிதித்தால் கியர் குறைந்துவிடும். நல்ல வேகத்தில் கிளட்சை விட்டதும் இன்ஜின் சுழற்சி எகிறும், பின்சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஈரச் சாலையில், வளைவில் இது நடந்தால் விழ வேண்டியதுதான். எல்லாக் கியரும் கீழே மிதிக்கும் ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டியை வைத்திருப்பவருக்கு இந்தக் குழப்பம் குறைவு. கூட்டுவதற்குக் கீழே என்பது இரண்டிலும் ஒன்றே, பக்கம்தான் வேறு.

இதற்கு நான் செய்வது இது. எந்த வண்டியில் ஏறினாலும் இன்ஜினைக் கிளப்பும் முன் பின் பிரேக்கை ஒரு முறை முழுதாக அழுத்தி, அந்தப் பக்கத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்வேன்: "இடது" அல்லது "வலது". பக்கத்தில் ஆள் இருந்தாலும் சொல்வேன், வெட்கம் பார்ப்பதில்லை. கிளம்பிய உடனே, வேகம் எடுப்பதற்குள், கையும் காலும் சேர்த்து ஒரு முறை நிறுத்திப் பார்ப்பேன். வண்டி மாறிய முதல் சில கிலோமீட்டரில் முந்துவதில்லை, முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளியைக் கூட்டிவிடுவேன். நீண்ட பயணத்தின் கடைசியில், களைப்பில், கால் தன் மிகப் பழைய பழக்கத்துக்குத் திரும்பும். புல்லட்டில் வரும்போது, வீடு நெருங்கினால் இடது பாதத்தை வேண்டுமென்றே பெடல் மேல் கொண்டுவந்து வைத்துக்கொள்வேன்.

மாற்றிக் கட்டலாமா?

வலது கியர் வண்டியை இடது பக்கத்துக்கு மாற்றிக் கட்டித்தர ஆட்கள் இருக்கிறார்கள். குறுக்கே ஒரு தண்டு, சில மூட்டுகள், பிரேக்குக்கும் அதே போல எதிர்த்திசையில் ஒரு தண்டு. 1975-ல் பெரிய கம்பெனிகளே அவசரத்துக்கு இப்படிச் செய்தவைதான், ஆனால் அது நல்ல ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் தேய்மானம். எல்லாம் சேர்ந்தால் லிவரில் ஆட்டம் வரும். ஏற்கெனவே நிதானம் கேட்கும் கியர்பாக்ஸுக்கு அந்த ஆட்டம் ஃபால்ஸ் நியூட்ரலைக் கூட்டும். பிரேக் பக்கம் இன்னும் கவலை. குறுக்குத் தண்டு முறுக்கிக்கொண்டால் கால் அழுத்துவதில் ஒரு பங்கு தண்டிலேயே போய்விடும், பிரேக் ஷூவுக்கு வந்து சேராது.

வலது முழங்காலிலோ கணுக்காலிலோ தீராத வலி இருப்பவர் மாற்றட்டும், அது நியாயம். மற்றவர்களுக்கு என் பதில், பழகிக்கொள்ளுங்கள், அல்லது இடது கியரோடே பிறந்த வண்டியைத் தேடி வாங்குங்கள். நெரிசலில் தினமும் ஓட்ட ஒரே வண்டிதான், வீட்டில் இன்னும் இரண்டு பேர் அதை எடுப்பார்கள் என்றால் வலது கியர் வண்டி வேண்டவே வேண்டாம். மாற்றிக் கட்டிய வண்டியை வாங்க நேர்ந்தால், இன்ஜினை அணைத்துவிட்டு லிவர் நுனியை இரண்டு விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கியர் தண்டு அசையும் முன் லிவர் எவ்வளவு சும்மா ஆடுகிறது என்பதிலேயே அந்த வேலையின் தரம் தெரிந்துவிடும். பிரேக்கை ஒருவர் அழுத்த, இன்னொருவர் குறுக்குத் தண்டைப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியும்படி அது முறுக்கினால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள்.

இரவல் கொடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். "நான் எல்லா வண்டியும் ஓட்டுவேன்" என்கிறவருக்கு நிச்சயமாகக் கொடுக்காதீர்கள். தவிர்க்க முடியாத ஒரே ஆள் மெக்கானிக். வேலை முடிந்ததும் அவர் ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும். வயதான மெக்கானிக்குகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவர் கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் வலது கியர் வண்டியைத் தொட்டே இருக்க மாட்டான், சாவியும் அவன் கைக்குத்தான் போகும். அதற்காக என் வண்டியின் ஹேண்டில் பாரில், மீட்டருக்குக் கீழே, மஞ்சள் டேப் ஒட்டி "பிரேக் இடது கால்" என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். மழையில் எழுத்து மங்கும். வண்டியைச் சர்வீசுக்கு விடும் முன் புதிதாக எழுதிவிடுவேன்.